நிமிடத்துக்கு இருநூற்று எழுபது

தண்டின்மேல் அச்சடித்த எழுத்தை நம்புகிறவனை ஸ்ரீனிவாசராகவன் மனிதர் வரிசையில் சேர்ப்பதில்லை.

மைசூர் யாதவகிரியில் அவருடைய வீட்டின் பின்புறம், கார் நிறுத்தக் கட்டிய கொட்டகையில் பட்டறை இருந்தது. ஆலையொன்றில் அளவுக் கருவிகள் பிரிவின் தலைவராயிருந்து ஓய்வு பெற்றவர், இப்போது ஆளுக்கேற்ப அளந்து கோல்ஃப் மட்டை கட்டிக்கொடுத்தார். மட்டைக்கு உயிர் அதன் தண்டு, ஆட்டக்காரர் வாயில் ஷாஃப்ட். தண்டு எவ்வளவு வளையும், எவ்வளவு விறைக்கும் என்று அறியாமல் மட்டை கட்டுவது, மணமகனின் வயதைக் கேளாமல் முகூர்த்தம் குறிப்பதற்கு ஒப்பாகும் என்பார். தண்டு செய்யும் நிறுவனங்கள் அந்த விறைப்பை ஓர் ஆங்கில எழுத்தால் குறித்து அனுப்புகின்றன. ஆர் என்றால் மிதம். எஸ் என்றால் விறைப்பு. எக்ஸ் என்றால் பெருவிறைப்பு. ஆனால் எதுவரை எஸ், எதுமுதல் எக்ஸ் என்று எந்தச் சபையும் கூடி வரையறுத்ததில்லை. ஒரு நிறுவனத்தின் எஸ் மற்றொரு நிறுவனத்தின் ஆருக்குத் தம்பியாயிருக்கும். ஆகவே அவ்வெழுத்து, ஸ்ரீனிவாசராகவன் பார்வையில், கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் தொங்கும் பட்டம். படித்துவிட்டுக் கீழே வைக்க வேண்டியது. பொருள் தேடக் கூடாது.

"எக்ஸ் வேணுமாம், எக்ஸ்!" என்பார், வந்தவர் வாயிலைத் தாண்டியதும். "படியேற மூச்சு வாங்கறது. வீசினா பந்து நூத்தம்பது கஜம் போனா அதிசயம். இவருக்குப் பெருவிறைப்பு! பேரனுக்குப் போட்ட வாளை இடுப்புல சொருகிண்டு சண்டைக்குப் போற மாதிரி."

கேட்டுக்கொண்டிருப்பவள் பஞ்சவர்ணம். ஹனூர்ப் பக்கத்துக்காரி, கணவனுக்குக் கட்டட வேலை. மோட்டார் சுற்றும் தொழிற்சாலையில் பதினான்கு ஆண்டு செம்புக் கம்பி சுற்றிய கை அவளுடையது. ஒட்டுவதும் பிடி பூட்டுவதும் அளவை ஏட்டில் எழுதுவதும் இங்கே அவள் வேலை. ஐயாவின் ஏளனத்துக்கு அவள் சிரிப்பதுமில்லை, மறுப்பதுமில்லை. "ஆமாங்க" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டே மூன்று ஆண்டுகளை ஓட்டிவிட்டாள்.

அளக்கும் முறை எளிது. தண்டின் பருத்த முனையில் ஐந்து அங்குலத்தை வைஸ் எனும் இரும்புக் கிடுக்கியில் இறுக்க வேண்டும். மெல்லிய முனையில் இருநூற்றைந்து கிராம் பித்தளை எடையைத் திருக வேண்டும். எடையை விரலால் சற்றே கீழிழுத்து விட்டால், தண்டு வீணைத் தந்திபோல் மேலும் கீழும் துடிக்கும். ஒளிக்கண் அத்துடிப்பை எண்ணி, நிமிடத்துக்கு இத்தனை என்று சிவப்பு எண்ணாகக் காட்டும். எண் ஏறினால் விறைப்பு கூடுதல். பத்து எண் வேறுபட்டால் ஓர் எழுத்தே வேறுபட்டதாகக் கொள்ளலாம். இருநூற்று அறுபது எஸ், இருநூற்று எழுபது எக்ஸ் என்பது ஸ்ரீனிவாசராகவன் தம் பட்டறைக்கு வகுத்துக்கொண்ட நியதி. அந்தச் சிவப்பெண் ஒளிரும்போது அவர் ஒரு கணம் கண்மூடித் திறப்பார், சந்நிதியில் திரை விலகினாற்போல.

தசரா முடிந்த பதினைந்தாம் நாள் சந்திரன் வந்தான்.

சிறுவயதில் பிறர் மட்டைப்பை சுமந்து ஆட்டத்தைக் கண்ணால் களவு கற்றவன் சந்திரன். இன்று அதே திடலில் பணக்காரர்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறான். வயது முப்பத்து நான்கு. பெங்களூரில் அடுத்த மாதம் நான்காம் தேதி தகுதிச் சுற்று. அதில் தேறினால் ஓராண்டுக்குத் தொழில்முறைப் போட்டிகளில் ஆடும் உரிமை கிடைக்கும். இருமுறை போய் இருமுறையும் தோற்றுத் திரும்பியிருந்தான். இம்முறையும் தவறினால் மறுபடி விண்ணப்பம் போடுவதில்லை என்று மனைவி ஜீவிதாவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

கொண்டுவந்தது டிரைவர் எனப்படும் நெடுமட்டை. ஆட்டத்தின் முதலடிக்கு எடுப்பது. தண்டின் நுனியில் ஒட்டிய கழுத்துத் திருகுதான் அதை மட்டைத்தலையோடு இணைக்கும்.

"கழுத்துத் திருகு ஆடுதுங்க சார். அதை மட்டும் கழட்டிப் புதுசு ஒட்டிக் குடுத்தாப் போதுமுங்க. ஷாஃப்டு நல்லாத்தான் இருக்குது."

"நன்னாயிருக்குன்னு யார் சொன்னா?"

"கையி சொல்லுதுங்க."

"கையா!" ஸ்ரீனிவாசராகவன் திரும்பினார். "பஞ்சவர்ணம், கேட்டுக்கோ. சந்திரனோட கைக்கு நாக்கு மொளைச்சுடுத்து. நாம மெஷினை வித்துட்டு இவன் கையை வாடகைக்கு எடுத்துக்கலாம்."

சந்திரன் சிரித்தான். ஏளனம் செய்கிறவர் தொழில் தெரிந்தவராயிருந்தால், சிரித்துவிடுவது அவனுக்குப் பழக்கம்.

பழைய கழுத்தைச் சூடுகாட்டிக் கழற்றியபின், தண்டை வைஸில் ஏற்றி, முனையில் எடையைத் திருகினார். எடையின் இடையில் ஆயுத பூஜையன்று கட்டிய கங்கணம் அப்படியே இருந்தது: மஞ்சள் கயிறு, அதில் விரல் பருமனில் ஒரு மஞ்சள் கிழங்கு. கருவிகளுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் சாற்றிய அன்று, கருவிகளுள் தலையாயது இதுவே என்று தம் கையாலேயே கட்டியிருந்தார். கட்டிய கங்கணம் தானே இற்று விழும்வரை அதைத் தொடுவது தங்கள் குல வழக்கமில்லை என்றும் பஞ்சவர்ணத்துக்கு அறிவித்திருந்தார். அவளும் தூசி தட்டும்போதெல்லாம் அதை விட்டுவிட்டே தட்டினாள்.

தண்டு துடித்தது. எண் ஒளிர்ந்தது: இருநூற்று அறுபத்து நான்கு.

"பாத்தியா? எக்ஸுன்னு தங்க மையில போட்டிருக்கான். அறுபத்தி நாலு! இது எஸ்ஸுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். உன்னோட வீச்சு வேகம் நூத்திப் பன்னெண்டு மைல். அதுக்கு இது நாணல். எத்தனை வருஷமா வெச்சிண்டிருக்கே?"

"நாலு வருசமுங்க."

"நாலு வருஷமா ஏமாந்திருக்கே."

"பந்து நேராத்தானுங்க போவுது."

"இன்னும் எவ்வளவு நேராப் போயிருக்கும்னு உனக்குத் தெரியாதே. அதான் பரிதாபம்."

தண்டை விறைப்பாக்க வழியுண்டு. மெல்லிய முனையில் ஓர் அங்குலம் அறுத்தால் எண் ஐந்தாறு ஏறும். குறைந்த நீளத்தைப் பிடிப்பக்கத்தில் ஒட்டுத்துண்டு வைத்து ஈடுகட்டலாம். ஆனால் அறுத்த அங்குலத்தை மீண்டும் ஒட்ட இப்பூவுலகில் பசையில்லை. முனை தன் இயல்பை ஒருமுறைதான் இழக்கும்.

பஞ்சவர்ணம் அறுக்கும் சக்கரத்தருகே நின்றபடி, "அறுத்தரலாங்களா ஐயா? அவரு இன்னும் சரின்னு சொல்லலீங்க" என்றாள்.

இருவரும் சந்திரனைப் பார்த்தார்கள். அவன் தண்டைப் பார்த்தான். நான்கு ஆண்டு தன் உள்ளங்கையில் இருந்த பொருள், அங்கே வைஸின் வாயில், யாருடையதோ போல் நீட்டிக்கொண்டிருந்தது.

"சார் அளந்து சொல்றப்ப நான் என்னத்தங்க சொல்றது?" என்றான்.

சக்கரம் ஒரு சொல்லளவு நேரம் கிறீச்சிட்டது. அங்குலத் துண்டு தரையில் உருண்டது. மறுமுறை அளந்தபோது எண் இருநூற்று எழுபது. ஸ்ரீனிவாசராகவன் கண்மூடித் திறந்தார்.

மூன்றாம் நாள் தொலைபேசியில் சந்திரனின் குரல் தயங்கித் தயங்கி வந்தது. "கட்டையப் புடிச்சாப்பல இருக்குதுங்க சார். பந்து எந்திரிக்கவே மாட்டேங்குது. வலது பக்கமே ஓடுதுங்க."

"உன் கை நாலு வருஷம் பொய்யோட குடித்தனம் பண்ணியிருக்கு. இப்பத்தான் நிஜத்தைப் பாக்கறது, கூசும். பழகிக்கோ."

"சரிங்க சார்."

தொலைபேசியை வைத்தவர் பஞ்சவர்ணத்திடம், "பாவம், அவனுக்கு வளையற ஷாஃப்டே சுகமாப் போயிடுத்து" என்றார்.

அந்நாட்களில் அவருடைய வாய் மிக நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. தசராவுக்குப்பின் வந்த தண்டுகள் பதினொன்றும், தம்மேல் எழுதிய எழுத்துக்குக் குறைவாகவே அளவு காட்டின. உலகமே அரை எழுத்து பொய் சொல்கிறது என்பது அவருக்கு வியப்பாயில்லை. நெடுநாள் ஐயம் மெய்ப்பட்ட மகிழ்ச்சியாகவே இருந்தது. தேவராஜ மொஹல்லாவில் மருந்து மொத்த வியாபாரம் செய்யும் ரங்கராஜ், தூரத்து உறவுமுறை, புதிதாய் வாங்கிய எக்ஸ் தண்டை அளக்கக் கொடுத்தபோது, திடலின் காபிக்கூடத்தில் நாலு பேர் நடுவில் முடிவைச் சொன்னார்: "ரங்கராஜ், உன்னோட எக்ஸ் நெத்தியில மட்டுந்தான் எக்ஸ்." ரங்கராஜ் அன்று குடித்த காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

ஆங்கில மாதத்தின் முதல் நாள் வந்தது. அன்று சோதனைத் தண்டைப் பூட்டிப் பார்ப்பது பட்டறையின் முறை. என்றும் மாறாத ஓர் எஃகுத் தண்டு. அதன்மேல் இருநூற்று ஐம்பது என்று பொறித்திருந்தது. கருவி அந்த எண்ணையே காட்ட வேண்டும். காட்டினால் கருவி ஆரோக்கியம்.

"ஐயா, நாப்பத்தி அஞ்சு காட்டுதுங்க" என்றாள் பஞ்சவர்ணம்.

"இறுக்கிப் பூட்டு."

"இறுக்கித்தானுங்க பூட்டியிருக்கேன்."

எழுந்து வந்து தாமே பூட்டினார். இருநூற்று நாற்பத்து ஐந்து. தெருவில் பஸ் போனதால் தரை அதிர்ந்தது என்றார், பஸ் போனபின் அளந்தார், அதே எண். பாட்டரி சோர்ந்திருக்கும் என்று புது பாட்டரி போட்டார், அதே எண். ஐப்பசி ஈரம் என்றார். ஒளிக்கண்ணில் தூசி என்று துணியால் துடைத்தார். கடைசியில் எஃகுத் தண்டின்மேலேயே குற்றம் வந்து இறங்கியது.

"இரும்பும் களைக்கும், தெரியுமோ? பல வருஷம் ஆடி ஆடி—"

"இரும்பே களைச்சுப் போச்சுங்களா?" என்றாள் பஞ்சவர்ணம். "நாந்தானுங்க களைக்கவே மாட்டேங்கறேன்."

அவர் அவளை முறைத்தார். அவள் பார்வை அவர்மேல் இல்லை. துடித்து ஓய்ந்த தண்டின் முனையில் இருந்தது. அங்கே கிழங்கு இன்னும் மெல்ல ஊசலாடிக்கொண்டிருந்தது.

"ஐயா, அந்த மஞ்சக் கெழங்கு எத்தனை எடைங்க இருக்கும்?"

"அது பெருமாளுக்குச் சமர்ப்பிச்சது. அதுக்கு ஏது எடை?"

மூவுலகையும் அடியால் அளந்தவன் பெயரால் இப்படியொரு சொல் அக்கொட்டகையில் எழுந்தது. மாவலியின் வேள்விச்சாலையில் மூன்றாம் அடிக்கு இடமில்லை என்றானபோது, போகட்டும், இரண்டையே மூன்றாக வைத்துக்கொள்வோம் என்று அவன் விட்டுவிடவில்லை. தலையைத் தாழ்த்தச் சொல்லி, அதன்மேல் வைத்து அளவை நிறைத்தான். அப்படிப்பட்ட அளவுகாரனுக்கு அடியவர் என்று நெற்றியில் நாள்தோறும் எழுதிக்கொள்பவர், அவன் திருநாமத்தைத் திரையாகப் பிடித்து ஒரு கிழங்கை அதன்பின் ஒளிக்கப் பார்த்தார்.

பஞ்சவர்ணம் வாதம் செய்யவில்லை. எடையைக் கழற்றி, மட்டைத்தலை நிறுக்கும் தராசில் வைத்தாள். இருநூற்றுப் பதினான்கு.

"ஒம்பது கிராமுங்க. பெருமாளுக்கு எடை இல்லாம இருக்கலாம். கெழங்குக்கு இருக்குதுங்க."

காபியோடு வந்த லக்ஷ்மம்மா வாசற்படியில் நின்றாள். கணவர் முகத்தையும் தராசையும் மாறி மாறிப் பார்த்தாள். காபித் தம்ளர் மேசைமேல் சற்று ஓசையோடு அமர்ந்தது.

"இதெ இன்னும் அவிழ்க்கலையா? தசமியன்னிக்கே எடுத்து துளசியடியில சேக்கணும்னு நான் சொன்னேனே."

"நம்ம குல வழக்கம் என்னன்னா, தானா இத்து விழற வரைக்கும்—"

"எந்தக் குலம்? என் மாமனாருக்குத் தெரியாத குல வழக்கம் உங்களுக்கு மாத்திரம் எங்கேர்ந்து வந்துது? அவர் இருந்தவரைக்கும் தசமியன்னிக்குக் கங்கணம் அவிழ்க்காமெ தீர்த்தம் எடுத்துண்டதில்லெ. உங்களுக்குக் குனிய சோம்பல். சோம்பலுக்கு ஆசாரம்னு பேர் வெச்சுட்டா அது புண்ணியமாயிடுமா? ஸாக்கு, போறும், கொடுங்கோ இங்கே."

முடிச்சை நகத்தால் நெகிழ்த்தி அவிழ்த்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, உள்ளங்கையில் ஏந்திப் போனாள். முறை தெரிந்தவளின் கை அது. பூசையில் பழுதில்லை, பூசையை முடிக்கத் தெரியாதவரிடம் இருந்தது பழுது.

எடையை மறுபடி திருகினார்கள். எஃகுத் தண்டு துடித்தது. இருநூற்று ஐம்பது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பஞ்சவர்ணம் ஏட்டைப் புரட்டினாள். பதினொரு தண்டுகள். பத்துக்கு ஐயா வாயால் மட்டுமே தீங்கு செய்திருந்தார். சொல்லைத் திரும்ப எடுத்துக்கொண்டால் தீர்ந்தது. பதினோராவதன் எதிரே அவளுடைய கையெழுத்தில், 'முனை ஓர் அங்குலம் அறுத்தது' என்றிருந்தது. அறுபத்து நான்கென்று காட்டியது உண்மையில் எழுபது. எழுபதென்று காட்டியது உண்மையில் எழுபத்தாறு. சந்திரன் கையிலிருப்பது மட்டையல்ல, உலக்கை.

"அவரு நாளைக்குக் காலையில ரயில் ஏறறாருங்க. போன் போடட்டுங்களா?"

"நீ ஒண்ணும் போட வேண்டாம். நானே போய்ப் பாக்கறேன்."

உள்ளே போய், கூடத்துக் கண்ணாடி அலமாரியிலிருந்து தம் சொந்த நெடுமட்டையை எடுத்துவந்தார். சந்திரனுடைய மட்டையிலும் அதே நிறுவனத்தின் திருகு. தண்டை மாற்ற நிமிட நேரம் போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று வழிநெடுகக் காருக்குள் தமக்குத் தாமே தீர்ப்பெழுதிக்கொண்டார். புதிதாய் ஒரு யோசனை தோன்றிற்று, இதைப் போட்டுப் பார் என்றால் ஆயிற்று. வைத்தியன் ஒவ்வொரு மருந்துக்கும் விளக்கமா சொல்கிறான்? பின்னிருக்கையில் திருகுசாவியோடு பஞ்சவர்ணம் உட்கார்ந்திருந்தாள். நீ எதற்கு என்று கேட்டதற்கு, "திருகு போடோணுமில்லீங்க" என்று சொல்லி ஏறிக்கொண்டவள்.

பயிற்சித் திடலில் மாலை வெயில் சாய்ந்திருந்தது. சாமுண்டி மலை நீலம் கட்டத் தொடங்கியிருந்தது. சந்திரனின் இடது மணிக்கட்டில் கட்டு. ஒவ்வொரு பந்தையும் தோளால் இழுத்து, இடுப்பை முறுக்கி, பகைவனை வெட்டுவதுபோல் அடித்துக்கொண்டிருந்தான். இவனுடைய வீச்சைக் காண்பதற்கென்றே காபிக்கூடத்து ஆட்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்ட காலம் உண்டு. இன்று அங்கே உட்கார்ந்திருந்தவர் ரங்கராஜ் ஒருவர்தாம்.

"வாப்பா, அளவுச் சக்ரவர்த்தி!" என்றார் ரங்கராஜ். "யார் தலையில எழுத்தை அழிக்க வந்திருக்கே இன்னிக்கு?"

சந்திரன் ஓடிவந்தான். வந்தவன் முதலில் சொன்னது ஸ்ரீனிவாசராகவன் எதிர்பார்த்த சொல்லல்ல.

"மன்னிக்கோணுங்க சார். எங்கையி இன்னும் அடங்க மாட்டேங்குதுங்க. பழசையே தேடுது. தெனமும் முந்நூறு பந்து அடிச்சுப் பாத்துட்டேன். வீச்சையே மாத்திட்டேனுங்க. இப்பத்தான் பத்துல நாலு நேராப் போவுது."

"அது இருக்கட்டும். இந்த ஷாஃப்டைப் போட்டுப் பாரு. எனக்கு ஒரு யோசனை தோணித்து."

"வேண்டாங்க சார்."

"ஏன்?"

"நீங்க அளந்தது. அதுல தப்பு இருக்காதுங்க. தப்பு எங்கையிலதான். நாலாந்தேதிக்குள்ள பழகிருவேன்."

எத்தனையோ ஆண்டுகளாக ஒவ்வொருவர் கையையும் கண்ணையும் காதையும் எள்ளி எள்ளி, தம் எண் ஒன்றையே மெய்யென்று நிறுத்தியிருந்தார். அந்த வேலை எவ்வளவு செம்மையாக முடிந்திருக்கிறதென்று இப்போது அவருக்கு எதிரே நின்றது, கட்டுப்போட்ட கையோடு. அவருடைய சொல்லை அவராலேயே அசைக்க முடியவில்லை. வேறு எந்த யோசனையும் உதவாது; ஓர் உண்மை மட்டுமே உதவும். அதையும் முழுதாய்க் கொடுக்க மனம் வராமல், ஓரத்தைக் கிள்ளிக் கொடுத்துப் பார்த்தார்.

"மெஷின்ல சின்னக் கோளாறு இருந்துது."

"என்ன கோளாறுங்க?"

"எடையில கொஞ்சம் வித்தியாசம்."

"பித்தளைதானுங்களே. எப்படிங்க வித்தியாசப்படும்?"

ரங்கராஜின் நாற்காலி புல்லில் ஒரு முழம் முன்னால் நகர்ந்தது. பஞ்சவர்ணம் வானத்தைப் பார்த்தாள். அங்கே பார்க்க ஒன்றுமில்லை.

"கங்கணம் கட்டியிருந்தேன்" என்றார் ஸ்ரீனிவாசராகவன். "ஆயுத பூஜைக்கு. மஞ்சள் கிழங்கு. ஒன்பது கிராம். அவிழ்க்காமலே அளந்துட்டேன். உன்னோட ஷாஃப்ட் எக்ஸ்தான், சந்திரா. சரியா எழுபது. அறுத்திருக்கக் கூடாது."

ரங்கராஜ் தொடையில் அறைந்துகொண்டு சிரித்தார். "மஞ்சள் கிழங்கா! ஐயோ மாராயா! நான் என்னமோ ஷாஃப்ட் பண்ற ஜப்பான்காரன்லாம் சேந்து எனக்குத் துரோகம் பண்ணிட்டான்னு தூங்காமெ கெடந்தேன். அப்போ என்னோடதும் எக்ஸ்தானே? ஹௌதா, இல்லையா? வாயைத் திறந்து சொல்லு."

"ஷாஃப்ட் எக்ஸ்தான்" என்றார் ஸ்ரீனிவாசராகவன், அந்த நிலையிலும். "ஆள் எக்ஸ் இல்லெ."

சந்திரன் சிரிக்கவில்லை. மணிக்கட்டின் கட்டை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தான். கீழே தோல் வெளிறி, மேட்டெலும்பருகே வீங்கியிருந்தது. அதை மற்றக் கையால் தடவிக்கொண்டே பேசினான், குரல் உயரவில்லை.

"நாலு வருசமா ஏமாந்திருக்கேன்னு சொன்னீங்க. நாலு வருசமெல்லாம் இல்லீங்க. இந்தப் பதினாலு நாளுதான்."

"சந்திரா, நான் வேணும்னு—"

"ராத்திரியில ஜீவிதா கேப்பாளுங்க, ஏன் கையையே பாத்துட்டு உக்காந்திருக்கீங்கன்னு. இந்தக் கையத் திட்டாத வார்த்தை இல்லீங்க. வெக்கங்கெட்ட கையின்னேன். பை தூக்கின கையி பை தூக்கத்தான் லாயக்குன்னேன்." கையை நீட்டினான். "குடுங்க அதை."

நெடுமட்டையின் உறையை ஸ்ரீனிவாசராகவன் உருவியதும், ரங்கராஜ் கழுத்தை நீட்டிப் பார்த்தார். தண்டில் தங்க மையில் எக்ஸ்.

"ஸ்ரீனிவாசு, இது யாரோடது?"

"மாதிரிக்கு வெச்சிருக்கேன்."

"மாதிரிக்கா? பிடியில எதுக்கு உன் பேர் பொறிச்சிருக்கு? உன் வீச்சு என்ன, எழுபது மைலா? காத்தடிச்சா அதைவிட வேகமா அடிக்குமே! எங்களையெல்லாம் ஆர் போடு, ஆர் போடுன்னு வெரட்டிட்டு, வீட்டு அலமாரியில எக்ஸா?"

 ஸ்ரீனிவாசராகவன் மட்டையைப் பஞ்சவர்ணத்திடம் நீட்டினார்.

பஞ்சவர்ணம் புல்லில் மண்டியிட்டு அறுபட்ட தண்டைக் கழற்றினாள். ஐயாவின் தண்டைச் சந்திரனுடைய மட்டைத்தலையில் பொருத்தித் திருகினாள். கழற்றியதை வைக்க இடம் பார்த்து, ஐயாவின் கையிலேயே கொடுத்தாள். சந்திரன் மட்டையை வாங்கி இருமுறை காற்றில் அசைத்தான்.

"அது மிகச் சரியா இருநூத்தி எழு—"

"எண்ணு சொல்லாதீங்க சார்."

முதல் பந்து இடப்பக்கம் வளைந்து வேலியைத் தாண்டியது. பதினான்கு நாள் உலக்கையோடு மல்லுக்கட்டிய வீச்சு, உலக்கை போனபின்னும் போகவில்லை. இரண்டாவதும் இடப்பக்கமே. மூன்றாவது தரையை உராய்ந்தது. ரங்கராஜின் சிரிப்பு எங்கேயோ நின்றுபோயிருந்தது; காபியை மறந்து பந்துகளை எண்ணிக்கொண்டிருந்தார். இருபதாவது பந்துக்குப்பின் சந்திரன் மட்டையைக் கீழே வைத்துவிட்டு, வெறுங்கையால் மெதுவாக வீசிப் பார்த்தான், பலமுறை, மறந்த பாசுரத்தின் அடுத்த சொல்லை உதடு தேடுவதுபோல. மறுபடி எடுத்தான். இடது. இடது. சற்றே இடது.

ஸ்ரீனிவாசராகவனை உட்காரும்படி யாரும் சொல்லவில்லை. பயனற்ற தண்டைக் கையில் பிடித்தபடி நின்றார். அவனுடைய தோள் இன்னும் முந்துகிறது, இடுப்பு பிந்துகிறது என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது, சொல்ல நாவெழுந்தது. பஞ்சவர்ணம் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். நா அடங்கியது.

நாற்பதைத் தாண்டியபின், எத்தனையாவதோ, ஒரு பந்து ஓசையே வேறாக எழுந்தது. மேலேறி, மேலேறி, மங்கும் வானத்தில் வெண்புள்ளியாக நின்று, நடுக்கொடிக்கு நேரே விழுந்தது. அடுத்தது அதனருகில். அதற்கடுத்தது சற்று வலம். பிறகு நான்கு, ஒன்றன்பின் ஒன்றாய், ஒரே நூலில் கோத்தவைபோல். அடிக்கிறவன் முகத்தில் மகிழ்ச்சியில்லை. கையைத்தான் பார்த்தான்; திட்டியவன் வீடு திரும்பி, வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

பந்துகளை அப்படியே விட்டுவிட்டுப் பையின் வாயை இழுத்து மூடினான்.

"நாளைக்கு ஆறு மணி ரயிலுங்க. இதை எடுத்துட்டுப் போறேன்."

"தாராளமா. நாலாந்தேதி முடிஞ்சதும் கொண்டுவந்து கொடு, நான் ஒருதரம் அளந்து—"

"கொண்டாந்து குடுப்பனான்னு அஞ்சாந்தேதி சொல்றேனுங்க" என்றான் சந்திரன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பஞ்சவர்ணத்திடம் மட்டும் "வரேன்க்கா" என்று சொல்லிவிட்டு நடந்தான்.